இரண்டாம் எதிர்மனுதாரர்

“முடியாது. பட்டியல்ல உன் மதம் இல்லை. போகலாம்.”

ஜெயில் சூப்பிரண்டு கோப்பிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எதிரே கைகட்டி நின்ற கைதி அப்படியே நின்றான். அவனை அழைத்து வந்த தலைமை வார்டர்தான் ஓர் அடி முன்னே வந்தார்.

கைதி ஒரு கொத்தனார். சாரம் சரிந்து இரண்டு பேர் செத்த வழக்கில் ஏழு வருடத் தண்டனை. வம்பு தும்புக்குப் போகாதவன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. விடியற்காலையில் சூரியன் எழும்போது கால்மணி நேரம் வெட்டவெளியில் நின்று கும்பிட வேண்டும். கூரைக்குக் கீழே அவர்கள் சாமி கும்பிடுவதில்லை. மொத்தமே சில ஆயிரம் பேர் இருக்கிற மதம்.

அரசாங்கமோ போன வருடம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதில் ஐந்து மதங்களின் பெயர். அந்த ஐந்தில் இருக்கிற கைதிகளுக்கு மட்டும்தான் வழிபாட்டு அனுமதி.

“கால்மணி நேரந்தானே ஐயா,” வார்டர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். “நான் கூடவே நின்னுக்கறேன். யாருக்கும் தெரியாம முடிச்சிடலாம்.”

“தெரியாம செய்யறதுக்கு இது என்ன திருட்டா?” சூப்பிரண்டு சீறினார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பி, “குறை இருந்தா கோர்ட்டுக்குப் போ” என்றார்.

கைநாட்டு வைக்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது!

வீட்டில் சொன்னபோது வார்டரின் மனைவி கொதித்துப் போனாள்.

“சாமி கும்பிடறவனைத் தடுக்கறாரே, அந்த மனுஷனுக்கு மனசுங்கறதே கிடையாதா? நீங்களும் வாயை மூடிட்டு வந்துட்டீங்களாக்கும்!”

“கேட்டேன்டி. வள்ளுனு விழுந்தாரு.”

“விழத்தான் செய்வாரு. பெரிய பதவி வரப்போகுதில்ல? மேலிடத்தைப் பகைச்சுக்குவாரா?”

வார்டருக்கும் அந்தச் சந்தேகம்தான்.

ஆறு வாரம் போனது. ஜெயிலே அதிரும்படி உயர் நீதிமன்றத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கொத்தனார் அனுப்பிய கடிதத்தையே நீதிபதி வழக்காக எடுத்துக்கொண்டிருந்தார். முதல் எதிர்மனுதாரர் அரசாங்கம். இரண்டாவது, சூப்பிரண்டு. இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும்.

‘நல்லா வேணும்’ என்று வார்டர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். விசாரணை நாளன்று கைதிக்குக் காவலாக அவரும் கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதி அம்மா கடிதத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

“‘அதிகாரி நல்லவரா கெட்டவரா என்று நான் கேட்கவில்லை. நல்லவர் இருந்தால் கும்பிடலாம், அவர் மாற்றலாகிப் போனால் கும்பிட முடியாது என்றால் அதற்குப் பெயர் தயவு. நான் கேட்பது உரிமை. என் உடம்பை அடைத்துவைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. என் கடவுளைப் பட்டியலில் சேர்க்கவும் நீக்கவும் அரசியலமைப்பு எந்த அரசுக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை.’”

வார்டர் கொத்தனாரைத் திரும்பிப் பார்த்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “இதை எழுதிக் குடுத்தது யாருப்பா?”

“மன்னிக்கணும்மா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்” என்றான் கொத்தனார்.

அரசு வக்கீல் எழுந்தார். “அந்தப் பட்டியல் நிர்வாக வசதிக்காகப் போட்டது, கனம் நீதிபதி அவர்களே...”

“எது சாமி, எது சாமியில்லைன்னு பிரிக்கறது உங்க நிர்வாகத்தோட வேலையா?”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதியின் பார்வை சூப்பிரண்டு மேல் விழுந்தது.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“கடிதத்துல இருக்கறது அத்தனையும் உண்மைம்மா. அனுமதி மறுத்தது நான்தான்.”

வக்கீல் அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

அரைமணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. சுற்றறிக்கை செல்லாது. இனி எந்தச் சிறையிலும் எந்தக் கைதியின் வழிபாட்டையும் பட்டியலைக் காட்டித் தடுக்கக் கூடாது. கூடவே, யோசிக்காமல் சுற்றறிக்கைக்குக் கீழ்ப்படிந்த அதிகாரிக்குக் கண்டனம். அவருடைய பணிப்பதிவேட்டில் அது ஏற வேண்டும்.

பதவி உயர்வு அதோடு போயிற்று. சூப்பிரண்டு தலை குனிந்து, “சரிங்கம்மா” என்றார்.

மறுநாள் விடியலில் கொத்தனாரின் அறையைத் திறந்துவிட்டது வார்டர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அவன் மைதானத்தின் நடுவே போய் நின்றான். மதிலுக்கு மேலே சூரியன் எட்டிப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்தான். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கன்னத்தில் மட்டும் கண்ணீர் வழிந்தது. நானூறு கைதிகள் கம்பிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். எப்போதும் சந்தைக்கடையாக இருக்கும் ஜெயில். ஒருத்தன்கூட இருமவில்லை.

எழுதத் தெரியாத ஒரு கொத்தனாருக்காக ஓர் அரசாங்கமே இறங்கி வந்திருக்கிறது! எந்த மகராசன் எழுதினானோ, அவன் கை நல்லா இருக்கட்டும்!

வார்டர் அலுவலகத்துக்கு வந்தார். தீர்ப்பு நகலைக் கோப்பில் சேர்க்க வேண்டும். கட்டைப் பிரித்தார். கடைசியில் கொத்தனாரின் கடிதமும் நகல் எடுத்து இணைக்கப்பட்டிருந்தது. கீழே அவன் கைநாட்டு. மேலே இரண்டு பக்கம் நெருக்கி எழுதிய எழுத்து.

முதல் வரியைப் பார்த்ததுமே வார்டர் நாற்காலியை விட்டு எழுந்து, ஆளில்லாத அந்த அறையில் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

பதினொரு வருடமாகத் தினமும் அவருக்கு உத்தரவு எழுதித் தருகிற சூப்பிரண்டின் கையெழுத்து அது.