நம்பிக்கையான ஆள்

"அந்த ஆளுகிட்டயா யோசனை கேக்கப் போறீங்க?" என்றாள் மனைவி ஆனந்தவல்லி. "மாயவரத்துல யார் வீட்டுலயோ மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டு இருந்தவராம்."

"இன்னிக்குப் பாபநாசத்துல ரெண்டு ரைஸ் மில்லு யாரோடது? மந்திரி வந்தா யார் வீட்டுல சாப்பிடறார்?" என்றார் ரெங்கசாமி. "வைக்கோல் போட்டவர் மில்லு வச்சாருன்னா அதுல ஒரு சூட்சுமம் இருக்கும்ல? அதைத்தான் கேக்கப் போறேன்."

புது ஆட்சி நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. வரப்புக்கு வரப்பு செங்கொடி வேறு. அந்தக் கணக்குப்படி ரெங்கசாமிக்கு நாலு ஏக்கர் கூடுதல். அந்த நாலு ஏக்கர்தான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

மில்லில் முதலாளி துரைக்கண்ணு எழுந்து வந்து வரவேற்றார். காபி வரவழைத்தார்.

"நீங்க முன்னுக்கு வந்த வழியை எனக்கும் சொல்லணும்," என்றார் ரெங்கசாமி. "நானும் மில்லு வைக்கலாம்னு இருக்கேன். சட்டம் வந்து நிலத்தைப் பிடுங்கிட்டா முதலுக்கு எங்க போறது?"

"யார் பேர்லயாவது மாத்தி வைக்க உத்தேசமா?"

"மச்சினன் பேர்ல..."

துரைக்கண்ணு சிரித்தார். "தாசில்தார் முதல்ல தேடறதே மச்சினன் பேரைத்தாங்க. அவர்கிட்ட தப்பிச்சாலும், மச்சினன் திருப்பித் தருவாரா?"

மச்சினனை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்த ரெங்கசாமி, காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"நிலத்துல இறங்கி வேலை செய்யற ஆளா பாருங்க. அப்பத்தான் சந்தேகம் வராது. எதிர்த்துப் பேசாத ஆளா இருக்கணும்."

"அம்சம்னு ஒருத்தி இருக்கா. அவ புருஷன் அந்த நாலு ஏக்கரையும் குத்தகைக்கு உழுதவன். அவன் செத்ததும், குத்தகையை விட்டுட்டுக் கூலிக்கு வான்னேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலியே! மறுநாளே நடவுக்கு வந்து நின்னா. செங்கொடிச் சங்கத்துலகூட சேரலை."

"அந்தம்மாதான் சரி," என்றார் துரைக்கண்ணு உடனே. "அரைகுறையா செஞ்சா மாட்டிக்குவீங்க. கிரயப் பத்திரமே போடுங்க. பட்டாவையும் மாத்துங்க. நிலவரி கட்டற கிஸ்தி ரசீதுகூட அவங்க பேர்லயே இருக்கட்டும்."

"திருப்பி எழுதித் தர்றேன்னு ஒரு சீட்டு வாங்கி வச்சுக்கட்டுமா?"

"அந்தச் சீட்டு அதிகாரி கையில சிக்கினா?"

ரெங்கசாமிக்கு உச்சி குளிர்ந்து போனது. தஞ்சாவூர் வக்கீலுக்குக்கூட இவ்வளவு தூரம் தோன்றவில்லையே!

ரிஜிஸ்டர் ஆபீசில் அம்சம் குனிந்த தலை நிமிராமல் கைநாட்டு வைத்தாள்.

"எல்லாம் பேருக்குத்தான். தெரியுதுல்ல?" என்றார் அவர்.

தலையை ஆட்டினாள்.

சட்டமும் வந்தது. அதிகாரிகள் அளந்தார்கள், பத்திரத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அன்று ரெங்கசாமி வீட்டில் பாயசம்.

தை பிறந்தது. சம்பா அறுப்புக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். நாலு ஏக்கரிலும் கதிர் அறுத்த வெறும் தாள்தான் இருந்தது. களத்தில் அம்சம் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு அறுத்தே?"

"என் நிலம்தானுங்களே, ஐயா."

குரலில் சண்டை இல்லை. நேற்றுவரை 'ஆண்டே' என்று கூப்பிட்டவள், இன்றைக்கு 'ஐயா' என்கிறாள்.

கோர்ட்டுக்குப் போனால் பினாமி என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் நிலம் சர்க்காருக்குப் போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமல், வண்டியைப் பூட்டச் சொல்லிப் பாபநாசத்துக்கு விரட்டினார்.

"உங்க பேச்சைக் கேட்டு என் நிலம் போச்சு!"

"உக்காருங்க," என்றார் துரைக்கண்ணு. "நான் முன்னுக்கு வந்த வழியைத்தானே கேட்டீங்க? அதைத்தான் காட்டினேன். முதல் தடவை உச்சவரம்பு வந்தப்ப எங்க மிராசுதாரும் பேருக்குத்தான் எனக்கு நிலத்தை எழுதி வச்சார். நான் திருப்பிக் கொடுக்கலை. முதல் மில்லு அதுலதாங்க வந்தது."

ரெங்கசாமி துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி! நம்பி யோசனை கேட்டு வந்தவனுக்கு இப்படிப் பண்ணலாமா?"

"அம்சமும் நம்பி யோசனை கேட்டு வந்ததுதாங்க, நீங்க குத்தகையைப் பிடுங்கின அன்னிக்கே. சங்கத்துல சேராதே, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதே, நாளைக்கே நடவுக்குப் போய் நில்லுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."