வெள்ளிக்கிழமை வகுப்பு

"யல்லா மணி, சீக்கிரம் சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படு! எல்லாரும் வந்தாச்சு!"

டாக்டர் அருள்ராஜ் விரட்ட, மணிமாறன் இடுப்பைப் பிடித்தபடி மேஜையில் ஏறினான். முசஃபா குடோனில் மூட்டை தூக்குகிறவன். அந்த அபுதாபி ஹோட்டல் ஹால் முழுக்க, முதுகெலும்பை நெட்டியெடுத்துச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் டாக்டர்கள். வருஷா வருஷம் இப்படி வகுப்பில் உட்கார்ந்தால்தான் அவர்களுக்கு லைசென்ஸ் புதுப்பிப்பார்கள்.

"எவ்வளவு அழுத்தினாலும் தாங்கிக்குவேன் சார். நாளைக்கு மூட்டை தூக்கலைன்னா ஊருக்கு டிக்கெட்டுன்னு ஃபோர்மேன் சொல்லிட்டான். கலாஸ், அத்தோட எல்லாம் முடிஞ்சுது."

"நீ அசையாமப் படு, போதும்."

லண்டனிலிருந்து வந்திருந்த வாத்தியார் மணிமாறனின் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி ஆங்கிலத்தில் பேசினார். டாக்டர்கள் ஒவ்வொருவராக வந்து, அவன் முதுகைக் குனிந்து பார்த்து, தலையசைத்து விலகினார்கள். ஒரு விரல்கூடப் படவில்லை. எல்லோரும் பார்த்து முடித்த பிறகு வாத்தியாரே வைத்தியம் செய்வார் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கைதட்டல் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. சமோசா வாசனை வந்தது.

"நம்ம லைசென்ஸ் பிழைச்சுது மணி! எந்திரி."

"என்ன சார், யாருமே கை வைக்கலியே? எப்ப நெட்டி எடுப்பாங்க?"

அருள்ராஜ் அவன் முகத்தைப் பார்க்காமல் சட்டையை எடுத்து நீட்டினார்.

"எந்த மாதிரி முதுகுல நாங்க கையே வைக்கக் கூடாதுங்கிறதுதான் மணி இன்னிக்குப் பாடம். அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."