வராத பாதி

“ஒரே ஒரு செகண்ட் காத்திருக்கச் சொல்லி அந்த டெஸ்ட்ல எழுதிடுங்க மேடம். பச்சை வந்துடும். எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்.”

டீம் லீடர் கெஞ்சலில் ஆரம்பித்தார். கெஞ்சலில் ஆரம்பித்தால் அதட்டலில்தான் முடிப்பார் என்பது அந்த அலுவலகத்துக்கே தெரியும்.

“முடியாது சார்” என்றாள் டெஸ்டர். எந்தப் புரோகிராமையும் லேசில் வெளியே விடமாட்டாள் என்பதால் அவளுக்கு ‘முட்டுக்கட்டை’ என்று பட்டப்பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

புரோகிராம் ஒரு மருத்துவமனைக்காக எழுதியது. டாக்டர் தன் அறையிலிருந்து அனுப்பும் உத்தரவை, கட்டில் பக்கத்துத் திரையில் நர்ஸுக்குக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை வரை எல்லா டெஸ்ட்டும் பச்சை, அதாவது பாஸ். இன்று காலையிலிருந்து ஒன்று மட்டும் பத்துக்கு ஏழு தடவை சிவப்பு. நாலு மணிக்கு மருத்துவமனைக்காரர்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் டெஸ்டர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

“சத்தியமா நான் கை வைக்கலை மேடம். புரோகிராம்ல ஒரு எழுத்துகூட மாறலை” என்றான் புரோகிராமர், பரீட்சையில் மாட்டிக்கொண்டவன் மாதிரி.

“நீ வைக்கலைப்பா, ஆபரேட்டிங் சிஸ்டம் வெச்சிருக்கு. சனிக்கிழமை எல்லா மெஷின்லயும் அப்டேட் ஆயிருக்கு. முன்னாடியெல்லாம் சின்னச் சின்னத் தகவலைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சு, ஒரே மூட்டையாக் கட்டி நெட்வொர்க்ல அனுப்பும். இப்போ கைக்கு வந்ததை உடனே தள்ளி விட்டுடுது.”

“வேகமாப் போனா நல்லதுதானே?” என்றார் லீடர்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். டாக்டர் அனுப்பியது, ‘ஊசி போடலாம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு.’ கட்டில் திரையில் நின்றது, ‘ஊசி போடலாம்.’

லீடர் திரையருகே குனிந்தார். “மீதி எங்கே?”

“வருது சார். நம்ம புரோகிராம் கேட்டாத்தானே? உத்தரவு ஒரு துண்டு, நிபந்தனை ஒரு துண்டு. முதல் துண்டு வந்ததுமே எல்லாம் வந்துடுச்சுன்னு முடிவு கட்டிக் காதைப் பொத்திக்குது. இத்தனை நாள் ரெண்டும் ஒண்ணா வந்ததால தப்பிச்சோம்.”

“அதான் சொல்றேன்! ஒரு செகண்ட் கழிச்சுக் கேட்டா ரெண்டும் வந்து சேர்ந்திருக்கும்ல?”

“இங்க சேரும். இங்க பத்தடி வயர். அங்க ஆறு மாடி. ரெண்டாவது துண்டுக்கு ரெண்டு செகண்ட் ஆச்சுன்னா? நர்ஸ் ஊசியோட நிப்பாங்க சார்.”

எதிர்பார்த்தபடியே அதட்டல் வந்தது. “பத்துல மூணு தடவை பச்சை வருதில்ல? அதுல ஒண்ணை வெச்சுக் கையெழுத்துப் போடுங்க! நான் எம்.டி. மேடம்கிட்ட போனேன்னா உங்க வேலையே போயிடும்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து லீடருக்குத்தான் பயம் வந்தது.

“தாராளமாப் போங்க சார். நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் இது வெளிய போகாது.”

அவர் கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது. அவள் காதில் வாங்கவில்லை. புரோகிராமர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒவ்வொரு உத்தரவு முடியும்போதும் ஒரு அடையாளம் வை. அது வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கட்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். நடுவுல இணைப்பு அறுந்துட்டா, ‘தகவல் முழுசா வரலை’ன்னு மட்டும் காட்டணும். பாதியைக் காட்டவே கூடாது.”

இரண்டு பேருடைய சாப்பாட்டு டப்பாக்களும் திறக்காமலே கிடந்தன. அவன் எழுதி முடித்ததும் அவள் வேண்டுமென்றே இரண்டாவது துண்டைத் தாமதப்படுத்தினாள். ஒரு செகண்ட், ஐந்து செகண்ட், இருபது செகண்ட். நடுவில் வயரையே பிடுங்கிப் பார்த்தாள். புரோகிராம் அசைந்து கொடுக்கவில்லை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, நூறு தடவை ஓட்டியதில் நூறும் பச்சை.

கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. எழுந்து தன் மேஜைக்குப் போய், காபி கோப்பையையும் குடையையும் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

“எங்க மேடம் கிளம்பிட்டீங்க?”

“வீட்டுக்குத்தான். இன்னையோட என் வேலை முடிஞ்சுதுப்பா. காலையிலயே எம்.டி. மேடம் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க.”

அவன் எழுந்து வந்தான். “வேலை போயிடுச்சுன்னு தெரிஞ்சுமா நாள் பூரா இப்படி மல்லுக்கட்டினீங்க?”

“ஊசி போட்டுக்கப் போறவங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?” என்றாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

கதவு திறந்தது. எம்.டி. மேடம் மூச்சு வாங்க நின்றாள்.

“வெளியில மீட்டிங்ல மாட்டிக்கிட்டுக் காலையிலிருந்து போன் பண்றேன், அணைச்சே வெச்சிருக்கீங்க! ‘உங்களை இனிமே டெஸ்டரா வெச்சுக்கறதா இல்லை’ன்னேன், விருட்டுனு எழுந்து போயிட்டீங்க. ‘டெஸ்டிங் பிரிவுக்கே தலைவியா ஆக்கப் போறேன்’னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அப்படி என்னங்க அவசரம்?”