நூற்றெழுபத்தொன்பதாம் நாள்

சீனாவில் ஐந்தாண்டு அக்குபஞ்சர் படித்துவிட்டு வந்த தமயந்திக்கு இங்கே உரிமம் வேண்டுமென்றால், நூற்றெண்பது நாள் யார் உடம்பிலும் வைத்தியப் புள்ளியைத் தொடக் கூடாது. தொட்டால், மருத்துவ வாரியம் அவள் மணிக்கட்டில் பூட்டிய வளையம் சிவக்கும். மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு முறை சிவந்தாயிற்று. ஒரு முறை, கணவன் தலையில் எண்ணெய் தேய்த்ததற்கு.

இன்று நூற்றெழுபத்தொன்பதாம் நாள். காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விரல்களுக்கு வேலை வேண்டுமென்று, பிசைந்த மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்தாள்.

பள்ளியிலிருந்து வந்த மகள் யாழ்நிலா தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மாத்திரையையும் வாந்தியெடுத்துவிட்டாள். தமயந்தியின் கட்டைவிரல் தானாக மகளின் கைப்பக்கம் போயிற்று. தலைவலிக்கான புள்ளி அங்கேதான்; ஒரு நிமிடம் அழுத்தினால் போதும். விரலை மடக்கினாள், எழுந்தாள், ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"கையை நீட்டுடா கண்ணு. உரிமம் கெடக்குது, விடு."

"எனக்கு வலிக்கவே இல்லம்மா" என்றாள் யாழ்நிலா, மூடிய கண்களில் நீர் வழிய. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுகச் செருகிக்கொண்டாள்.