இரண்டு விரற்கடை

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அப்பா நிற்கிறார். கதாநாயகனின் சிவப்புச் சட்டை, கதாநாயகனின் முடி.

மகளின் விரல்கள் கேமரா லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில்.

அவளைவிட இருபது வயது மூத்த லென்ஸ். சண்டை கனவு மாதிரி இருக்க வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது. முழுக்கத் திறந்தால் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத்தான் தெளிவு. மற்றதெல்லாம் கரைந்துவிடும். பாய்ந்து வருகிறவரை அதற்குள் பிடித்து வைப்பது அவள் வேலை.

இருபத்தாறு வருடமாக அப்பா டூப். ஒரு படத்திலும் முகம் விழுந்ததில்லை. விழுந்தால் அவன் டூப்பே இல்லை என்பார். அவ்வளவு கர்வம்.

இப்போதெல்லாம் வலது முட்டி சொன்ன பேச்சு கேட்பதில்லை. அதே சட்டையில் இன்னொருவன் ஓரமாகக் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு நிற்கிறான். இந்த டேக் சொதப்பினால் அடுத்தது அவனுக்கு. அதற்கப்புறம் எல்லாமே அவனுக்கு.

"ஆக்‌ஷன்!"

கண்ணாடி நொறுங்கியது. அப்பா பாய்ந்தார், உருண்டார். கேமராவுக்கு முதுகு காட்டி எழ வேண்டும்.

முட்டி மடங்கியது.

அது எப்படி மடங்கும், மடங்கினால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவளுக்குத் தெரியும். வீட்டு மாடிப்படியில் தினமும் பார்ப்பதுதான்.

முகம் திரும்புவதற்குள் வளையத்தைத் திருப்பிவிட்டாள்.

"ஃபோகஸ் எங்கம்மா போச்சு?" இயக்குநர் கத்தினார்.

மானிட்டரில் மறுபடி ஓட்டினார்கள். தரையில் கண்ணாடித் தூள் ஊசி ஊசியாக மின்னியது. அதற்குப் பின்னால், சீரியல் பல்புகளோடு கலந்து, ஏதோ ஒன்று சிவப்பாக மிதந்து எழுந்தது.

ஒளிப்பதிவாளர்தான் முதலில் கை தட்டினார்.

அப்பா நொண்டிக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார்.

"என் மூஞ்சி எங்கடி?"

"காணோம்ப்பா."

அவர் நிமிர்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பெருமையில் அவளுக்கும் தலைகால் புரியவில்லை.

படம் வந்த அன்று, தியேட்டரில் அந்தக் காட்சி ஓடும்போது அம்மா பக்கத்து இருக்கைப் பெண்ணின் கையைத் தட்டினாள்.

"எங்க வூட்டுக்காரரு."

அந்தப் பெண் திரையை உற்றுப் பார்த்தாள். கரைந்த வெளிச்சம் மட்டும்தான்.

"எதுங்க?"

"அது பூராவும்தான்," என்றாள் அம்மா.