முதுகில் கட்டின தலையணை

ஸ்கேன் அறைக் கதவுக் கண்ணாடி வழியா உள்ளே பார்த்த பினுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறிச்சு.

ஸ்கேன் எடுக்கிற ஜினி முதுகில ஒரு தலையணையைக் கட்டிக்கிட்டு, கூனிக் கூனி நடந்து வந்து மிஷின் நாற்காலியில உட்காருதா. கம்ப்யூட்டர் பக்கத்தில நின்ன, அவகூட வேலை பார்க்கிற சஜன் வாயைப் பொத்திச் சிரிக்கான்.

அச்சு அசல் பினுவோட அப்பா பொன்னப்பனோட நடை.

போதாததுக்கு, தலையணையைச் சுத்திக் கட்டியிருந்தது அப்பாவோட நீலச் சால்வை. பினு தன் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. அன்னையில இருந்து வெளியே இறங்கினா அப்பா அதைப் போர்த்தித்தான் வரணும். குளிருமாம். மேட மாச வெயில்லயும் குளிருமாம்.

சாயா குடிச்சிட்டு வாங்கன்னு தன்னை வெளியே அனுப்பினது இதுக்குத்தானா?

பொன்னப்பனுக்குத் தெங்கு மரத்தில இருந்து விழுந்து வளைஞ்ச முதுகு. இப்போ கீழ்த்தாடை எலும்புக்குள்ள ஒரு கட்டி. சோறு இறங்காது, கஞ்சிதான். நரம்பு எந்த வழியா போகுதுன்னு நாலு பக்கமும் காட்டுற ஸ்கேன் படம் இல்லாம கத்தி வைக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார்.

அந்த மிஷினோட கை தலையைச் சுத்தி வட்டமா வரும். வந்தா இவர் முதுகில முட்டும். நெய்யாற்றின்கரையில ஒரு இடத்தில, "கொஞ்சம் நிமிர்ந்து இருக்கணும்"னாங்க. நிமிர முடிஞ்சா மனுசன் எதுக்கு இத்தனை வருசம் தரையைப் பார்த்து நடக்கணும்? பாறசாலையிலயும் அதே பாட்டு. இந்த அமரவிளையிலயும் ஆகல்லன்னா கட்டியோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பினு கதவைத் தள்ளித் திறந்தான்.

"என்ன கூத்து இது? சுகமில்லாத மனுசனைக் கண்டா உங்களுக்கு நாடகமா?"

ஜினி தாடையைத் தாங்கியில வச்சிருந்தா. பதில் சொல்ல வாயைத் திறந்தா.

"அசையாதே மக்கா!" கதவுக்குப் பின்னால இருந்து ஒரு குரல். "அவன் கெடந்து கத்தட்டும். நீ அந்த வலது தோளை இன்னும் கொஞ்சம் மேலே பொக்கு."

பினு திரும்பினான். கதவு மறைவில, ஸ்டூல் மேல, அப்பா.

"அப்பா, நீங்க இங்கயா..."

"பின்னே எங்க? நான் இல்லாம அவளுக்கு எப்படிக் கூனத் தெரியும்?"

சஜன் பட்டனை அமுக்கினான். மிஷினோட கை ஜினி முகத்துக்கு முன்னால நெருங்கி வந்தது. பக்கவாட்டில விலகிச்சு. பின்பக்கம் வந்ததும், பள்ளத்தைக் கண்ட ஆட்டோ மாதிரி அகலமா ஒதுங்கி, தலையணையைத் தொடாம சுத்திப் போச்சு.

"முட்டல்ல!" ஜினி எழுந்து கை தட்டினா. "எக்ஸ்ரேயை ஆஃப் பண்ணித்தான் ஓட்டினோம் சேட்டா. மிஷின் போற வழியை மாத்திப் போட்டிருக்கு. மாமா மேல முட்டிப் பார்த்துப் படிக்க முடியுமா? அதாக்கும் என் முதுகில தலையணை."

"வட்டமா போனாத்தான் படம் வரும்னாங்களே?"

"வட்டம்னா கணக்கு எளுப்பம், சட்டுன்னு முடியும். முட்டை மாதிரி போனாலும் போதும். ஒவ்வொரு படத்தையும் எங்க நின்னு எடுத்ததுன்னு தெரிஞ்சா, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சேர்த்து தாடையைக் கட்டி எழுப்பிரும். இந்த மிஷின்ல அதுக்கு வழி உண்டு. கொஞ்சம் மெனக்கெடணும், அவ்வளவுதான்."

அடுத்து பொன்னப்பன் உட்கார்ந்தார், எப்பவும் இருக்கிற மாதிரியே. நிமிரச் சொல்லி யாரும் வாயைத் திறக்கல்ல. மிஷின்தான் ஒதுங்கிப் போச்சு.

திரையில முதல்ல வெறும் மூட்டம். பைய பைய பல் வரிசை தெரிஞ்சுது. பிறகு தாடை, கட்டி, அதுக்கு அடியில நூல் மாதிரி நரம்பு ஓடுற வழி.

"டாக்டர் கேட்டது எல்லாம் உண்டு," ஜினி சொன்னா. "தெளிவா உண்டு."

பினு ஜினி பக்கம் திரும்பினான். "மன்னிக்கணும். நான் தெரியாம..."

"அது போட்டும் சேட்டா. நீங்க திட்டினது ரொம்பக் குறைவு. மாமா எனக்குக் கூனவே தெரியல்லன்னு என்னா ஏச்சு!"

"பின்னே? ஒட்டகம் மாதிரியாக்கும் இருந்தா," பொன்னப்பன் சொன்னார். "அதைக் கேட்டுத்தான் இந்தச் சஜன் சிரிச்சது."

ஜினி சால்வையை அவிழ்த்து மடிச்சுக் கொடுத்தா. பினு பழக்க தோஷத்தில அதை உதறி அப்பா முதுகில போர்த்தப் போனான்.

பொன்னப்பன் அவன் கையைப் பிடிச்சார்.

"வேண்டாம் மக்கா. கல்யாணப் போட்டோவில கூன் தெரியக்கூடாதுன்னு நீ இதைக் கொண்டு மூடினே. இந்தப் பிள்ளை இதைக் கொண்டே அந்தக் கூனைத் தன் முதுகில கட்டிக்கிட்டா."