மூன்றாவது தடவை

“அண்ணே, நிறுத்துங்க! நீட் பரீட்சைண்ணே, ஒன்றரைக்குக் கேட்டை மூடிருவாங்க!”

பஞ்சராகி நின்ற பஸ்ஸுக்கு முன்னால், நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றாள் ஒருத்தி. பின்னால் பதினெட்டு வயது மதிக்கத்தக்க பெண், பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றது. ஹுமாயூன் தன் குட்டியானை வண்டியைச் சடாரென்று நிறுத்தி மணியைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது.

அவர் போக வேண்டியது தெற்கே, ராஜபாளையத்துக்கு. பரீட்சை சென்டரோ வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூரையும் தாண்டிக் கிருஷ்ணன்கோவில் பக்கம். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அவர் மகள் அல்ஃபியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்களுக்கு வாங்கிய பால்கோவா சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

வண்டியின் பின்பக்கம் ஒரு சாக்கு மூடை. அல்ஃபியா படித்த நீட் புத்தகங்கள். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று காலையிலேயே எடைக்குப் போட எடுத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டிக் கிடந்தது.

இதே பரீட்சைக்கு அல்ஃபியாவையும் இப்படித்தானே கூட்டிக்கொண்டு அலைந்தோம் என்று அவருக்குத் தோன்றியது.

“ஏறுங்கம்மா!” என்று வண்டியை ஒடித்துத் திருப்பினார்.

மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாளின் பெயர் மாரிக்கனி, ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. காதும் மூக்கும் மூளியாக இருந்தன. கோச்சிங் பீஸ் அம்புட்டையும் விழுங்கியிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

“மொத தடவையாம்மா?”

“மூணாவது தடவைண்ணே.”

ஹுமாயூனுக்குச் சுருக்கென்றது. “எம்மக பிளஸ் டூல ஐந்நூத்தி எழுபத்தெட்டு. இந்தப் பரீட்சையில ரெண்டு தடவையும் ஊத்திக்கிச்சு. பன்னெண்டு வருசம் படிச்சதுக்கு மதிப்பில்ல, மூணு மணி நேரத்துக்குத்தான் மதிப்பாம். என்ன நியாயம்மா இது? ‘இன்னும் ஒரே தடவை அத்தா’ன்னு அழுதா. நாந்தான் போதும்னுட்டேன். ரெண்டு நாளா எங்கூடப் பேசல.”

மாரிக்கனி ரோட்டையே பார்த்தபடி சொன்னாள். “எங்க காலத்துல பிளஸ் டூ மார்க்கு எரநூறுக்கு, என்ட்ரன்ஸ் நூறுக்குன்னு ரெண்டையும் கூட்டிப் போடுவாங்க. மார்க்குல நான் ஸ்கூல் ஃபர்ஸ்ட். என்ட்ரன்ஸ் கவுத்திருச்சு. ரெண்டே வருசத்துல அந்த என்ட்ரன்ஸையே எடுத்துட்டாங்கண்ணே. அதுக்குள்ள எனக்குக் கல்யாணமாகி, கையில இவ.”

தான் விட்டதை மகளை வைத்துப் பிடிக்கப் பார்க்கிறாள். அதுவும் மூன்றாவது தடவையாக. தனக்கு அந்த மனசு இல்லாமல் போனதே என்று ஹுமாயூனுக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் ஒரு கல்யாண ஊர்வலம். மேளம், கார்கள், நடுவில் நகராத ஒரு டவுன் பஸ். மணி ஒன்று ஏழு. மாரிக்கனி கண்ணை இறுக மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். சாமியை வேண்டுகிறாள் போலிருக்கிறது என்று இவரும் மனசுக்குள் துஆ கேட்டார். அந்தப் பெண்ணோ நகத்தைக் கடித்தபடி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹுமாயூன் கீழே குதித்தார். “ஏலே, வழிய விடுங்கலே! பரீட்சை எழுதுத பிள்ள இருக்குலே வண்டியில!” என்று தொண்டை கிழியக் கத்தினார். மேளக்காரர்கள் ஒதுங்க, கார்கள் ஓரங்கட்ட, வண்டி புகுந்து வெளியேறியது. செல்போன் அடித்தது. மனைவி சம்சாத் பேகம். எடுக்கவில்லை.

சென்டர் வாசலுக்கு வந்தபோது மணி ஒன்று இருபத்தெட்டு. போலீஸ்காரர் கேட்டில் கை வைத்துவிட்டார்.

“ஓடு தாயி, ஓடு!”

மாரிக்கனிதான் முதலில் குதித்தாள். மகள் கையிலிருந்த ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பு ஒன்று நழுவியதைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். போலீஸ்காரரிடம் கெஞ்சி, கேட்டை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தார் ஹுமாயூன். அந்தப் பெண் சீட்டை விட்டு அசையவில்லை.

மாரிக்கனி உள்ளே நுழைந்ததும் கேட் மூடிக்கொண்டது.

“ஐயோ, போச்சே! ஏட்டி, ஒங்கம்மா உள்ள போயி என்ன செய்ய? நீ இங்கயே உக்காந்திருக்கியே, மூணாவது வருசமும் மண்ணாப் போச்சே!” ஹுமாயூன் தலையில் அடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

அந்தப் பெண் மூடியிருந்த வலது கையை மெல்ல விரித்தது. உள்ளங்கையில் ஒரு ஜோடித் தோடும் மூக்குத்தியும் வேர்வையில் நனைந்து கிடந்தன.

“எழுதப் போறது அம்மாதான் மாமா.”

ஹுமாயூன் மூடிய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

“எங்க இருக்கீக? மாப்பிள்ள வீட்டுக்காரவுக வந்து உக்காந்துட்டாக. என்ன சொல்லட்டும்?”

ஹுமாயூன் திரும்பி, வண்டியின் பின்னால் கிடந்த சாக்கு மூடையைப் பார்த்தார்.

“பொண்ணு பரீட்சைக்குப் படிக்கான்னு சொல்லு.”